மதுரையில் இருந்துகொண்டு பழைய பாணியில் ஒரு கற்பனைப் படையைத் திட்டமிடுவது எப்படி?

மேசை மேல் சிறு வீரர் உருவங்களை நிறுத்தி, பகடை உருட்டி ஆடும் கற்பனைப் போர் ஆட்டம் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்: பச்சைத் தோல் அரக்கர்களான ஓர்க்குகளின் படையா எலும்புக்கூட்டுப் படையா, 1980களின் அசல் காரீய உருவங்களை இணைய ஏலத்தில் வாங்குவதா முப்பரிமாண அச்சில் எடுப்பதா, வார்ஹாமர் ஆட்டத்தின் எந்தப் பதிப்பின் விதிகளை வைத்துக்கொள்வது. கூடவே, திருநகரில் வசிப்பதாகவும், மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது என்றும், ஊரில் இதை விளையாடும் ஒருவரைக்கூட அறியேன் என்றும், எட்டு வயது மகளும் வண்ணம் தீட்ட ஆசைப்படுகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் உங்கள் கேள்வி வேறொன்றாகத் தெரிகிறது. எதிரில் நின்று விளையாட ஆளில்லாத ஊரில், சிறுகச் சிறுகச் சேர்த்து, பழைய இதழ்களின் படங்களில் பார்த்து மயங்கிய அந்தத் தோற்றம் கெடாமல், பாதியில் பெட்டிக்குள் போய்விடாத ஒரு படையை எப்படித் திட்டமிடுவது என்பதே அது.

என் பதிலை முதலிலேயே வைத்துவிடுகிறேன். ஒரு படையை மட்டும் தனியாகத் திட்டமிடாமல், ஒரு குறிப்பிட்ட போரை, அதன் இரு தரப்புகளையும் அது நடக்கும் நிலத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். நான் பல ஆண்டுகளாகப் பழைய உருவங்களைச் சேர்ப்பதும் தீட்டுவதும் நண்பர்களோடு விளையாடுவதுமாக இருப்பவன். போட்டி ஆட்டங்களில் எனக்கு நாட்டமும் இல்லை, அனுபவமும் இல்லை. ஆகவே எந்தப் படை அதிகம் வெல்லும் என்பதில் என் சொல்லை நம்ப வேண்டாம். உருவங்கள், வண்ணம், பராமரிப்பு, ஆட்டத்தை ஒழுங்கு செய்வது ஆகியவற்றில் மட்டும் உறுதியாகப் பேச முடியும்.

பழைய பாணி என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். வரலாற்றுப் போர்களை மேசையில் ஆடியவர்கள் கற்பனை உலகத்துக்குள் நுழைந்ததற்கு ஒரு முக்கியமான மைல்கல் 1971இல் வெளிவந்த செயின்மெயில் விதிநூலும் அதன் கற்பனைப் பிற்சேர்க்கையும். 1979இல் இங்கிலாந்தின் நியூவார்க் நகரில் சிட்டாடெல் மினியேச்சர்ஸ் என்ற உருவத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கியது. அந்த உருவங்களை வாங்கியவர்கள் அவற்றைப் பெருங்கூட்டமாகப் பயன்படுத்தட்டும் என்ற வணிக நோக்கமும் சேர்ந்தே 1983இல் வார்ஹாமரின் முதல் பதிப்பு பிறந்தது. பிரையன் ஆன்செல், ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி ஆகிய மூவர் அதன் ஆசிரியர்கள். 1984இல் இரண்டாம் பதிப்பும், 1987இல் கெட்டி அட்டையில் ஒரே நூலாக மூன்றாம் பதிப்பும் வந்தன. 1992இல் வந்த நான்காம் பதிப்போடு ஆட்டத்தின் குணம் மாறியது: ஒவ்வோர் இனத்துக்கும் தனிப் படைநூல், அட்டைகளாக வந்த மாயப் பொருள்கள், தனியொருவனாகவே ஓர் அணியை அழிக்கும் நாயகர்கள் என்று அது வேறு திசையில் போயிற்று.

நீங்கள் குறிப்பிட்டிருக்கும் படங்கள் 1980களைச் சேர்ந்தவை என்பதால், உங்களுக்குப் பொருந்துவது முதல் மூன்று பதிப்புகளின் மனப்போக்கு. அந்தக் காலத்து ஆட்டம் பங்கேற்பாளர் இருவர், நடுவர் ஒருவர் என்று மூவர் கூடுவதை எதிர்பார்த்து எழுதப்பட்டது. முதல் பதிப்பின் பெட்டியிலேயே அது பெருந்திரள் போருக்கான பாத்திர ஆட்டம் என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. மூன்றாம் பதிப்பில் ஒரு சாதாரண ஓர்க்குக்குக்கூட வீரம், வலிமை ஆகியவற்றோடு அறிவு, நிதானம், மனவுறுதி என்பவற்றுக்கும் தனித்தனி எண்கள் இருந்தன. போட்டிக்கு இவை சுமை. கதைக்கு இவை தீனி. இரு தரப்பும் சம மதிப்பெண்ணில் படை கட்டி மோதுவது அன்றைக்கும் உண்டு என்றாலும், ஒரு கிராமத்தை, ஒரு பாலத்தை, ஒரு கல்லறையை மையமாக வைத்து, யார் யார் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு ஆடுவதுதான் அந்தக் காலத்தின் தனிச்சுவை.

இந்த மரபு உங்கள் நிலைமைக்கு எதிர்பாராத விதத்தில் வசதியாக அமைகிறது. லண்டனிலோ நாட்டிங்ஹாமிலோ ஒருவன் ஒரு படையைக் கட்டினால் இன்னொரு படையோடு எதிரில் நிற்க ஆள் கிடைப்பான். மதுரையில் அப்படி எதிர்பார்ப்பது வீண். இரு தரப்பையும் நீங்களே வைத்திருந்தால், விதிநூலைத் திறந்தே பாராத நண்பர் இருவரை ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கு அழைத்து, ஆளுக்கொரு தரப்பைக் கொடுத்து, நடுவராக நீங்கள் அமர்ந்துகொள்ளலாம். விதிகள் உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். அவர்கள் நினைத்ததைச் சொல்வார்கள், நீங்கள் பகடை உருட்டச் சொல்வீர்கள். எண்பது உருவங்கள் கொண்ட ஒரே படையைவிட, நாற்பது நாற்பதாக எதிரெதிரே நிற்கும் இரண்டு சிறு படைகள் உங்களுக்குப் பல மடங்கு பயன்படும்.

விதிகளைப் பொறுத்தவரை என் பரிந்துரை இரண்டு படிகள் கொண்டது. தொடக்கத்தில் 2015இல் ஆஸ்ப்ரே வெளியிட்ட டிராகன் ரேம்பன்ட் போன்ற எளிய நூலை வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு தரப்பு தன் அணிகளைத் தேர்ந்தெடுக்கச் செலவிடுவது பொதுவாக 24 புள்ளிகள். ஓர் அணிக்கு 6 அல்லது 12 வலிமைப் புள்ளிகள். எந்த நிறுவனத்தின் உருவத்தையும் பயன்படுத்தலாம். ஒரு மாலைக்குள் ஆட்டம் முடிந்துவிடும். படை வளர்ந்து, நண்பர்களுக்கும் ஆர்வம் பிடித்த பிறகு மூன்றாம் பதிப்புக்குப் போகலாம். அது அச்சில் இல்லை, பழைய நூல் சந்தையில்தான் தேட வேண்டும். 2024 தொடக்கத்தில் வார்ஹாமரின் வெளியீட்டாளரான கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்ட தி ஓல்ட் வேர்ல்டு ஆட்டத்தையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நன்றாக வடிவமைக்கப்பட்ட ஆட்டம்தான். ஆனால் பெயரில் பழமை இருந்தாலும் அது இன்றைய இருவர் ஆட்டம். உங்கள் நோக்கத்துக்கு அது அடிப்படையாக வேண்டியதில்லை என்பது என் கருத்து. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஏராளம்.

இப்போது போரைப் பற்றிச் சொல்கிறேன். ஐரோப்பியக் கோட்டைகளும் பனிக்காடுகளும் கட்டாயமில்லை. நம் பக்கத்தில் எல்லோருக்கும் உடனே விளங்கக்கூடிய ஒரு களம் கண்மாய். மேசையின் குறுக்கே இரண்டு அங்குல உயரத்தில் நீளமாக ஒரு கரை, அதில் மூன்று மடைகள், ஒரு பக்கம் நிறைந்த நீர், மறு பக்கம் வயலும் நாலைந்து குடிசைகளும். மேற்கே நாகமலையைப் போன்றதொரு நீண்ட குன்றிலிருந்து பச்சைத் தோல் கூட்டம் விடிவதற்குள் மடையை உடைக்க வருகிறது. கரையைக் காக்க ஊர்க் காவலர்களும், கூலிக்கு அமர்த்தப்பட்ட குள்ளர் வில்லாளிகளும் நிற்கிறார்கள். மூன்று மடைகளில் இரண்டு உடைந்தால் ஓர்க்குகள் வென்றார்கள். எட்டுச் சுற்று தாக்குப்பிடித்தால் ஊர் பிழைத்தது. விதிகளே தெரியாதவர்களுக்கும் தங்கள் தரப்புக்கு என்ன வேண்டும் என்பது இதில் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். கரையின் மேல் நிற்பவர்களுக்கு உயரத்தின் பலன் உண்டு. ஆனால் கரை நீளம், ஆட்கள் குறைவு. எங்கே ஆளைக் குறைப்பது என்ற தவிப்பிலேயே ஆட்டம் பிறந்துவிடுகிறது.

அய்யனார் கோயில் புரவிகளைக் களத்தில் வைக்கலாமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். ஊர் எல்லையில் வரிசையாக நிற்கும் மண்குதிரைகள் மேசையில் மிக அழகாக இருக்கும், எம்-சீல் கொண்டு சிறிதாக வடித்துவிடலாம். கரையின் ஓரத்தில், காவலர்கள் பயம் கொள்ளாமல் நிற்க உதவும் இடமாக அதை வையுங்கள். ஆனால் முனியையும் கருப்பையும் பிடித்து ஓர் அசுர அணியாக்குவதை நான் செய்ய மாட்டேன். பக்கத்துத் தெருவில் கிடா வெட்டிக் கும்பிடும் தெய்வத்துக்கு இங்கே வலிமை எண்ணும் காயக் கணக்கும் போடுவது சரியாகப் படவில்லை. இது விதியல்ல, என் மனச்சாய்வு மட்டுமே.

ஓர்க்கா எலும்புக்கூடா என்ற கேள்விக்கு வருகிறேன். எலும்புக்கூடுகளைத் தீட்டுவது எளிது: வெளிர் நிறம், அதன்மேல் பழுப்பு மை, மேடுகளில் உலர்ந்த தூரிகையால் ஒரு தேய்ப்பு. இருபது உருவங்களை இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். எதிரிக்கு அச்சமூட்டும், தாமாகப் பயந்து ஓடாது. கையில் நேரமே இல்லை என்றால் அதையே தேர்ந்தெடுங்கள். இருந்தும் நான் ஓர்க்குகளையும், அவற்றின் குட்டையான உறவினரான கோப்ளின்களையும் சொல்வதற்குக் காரணம் அவற்றின் முகம். 1980களின் சிற்பிகள், குறிப்பாகக் கெவ் ஆடம்ஸ், கோப்ளின்களின் முகத்தில் காட்டிய கோணலும் குசும்பும்தான் அந்தக் காலத்தின் அடையாளமே. அதோடு, ஒரே தரப்பில் நிற்கும் பச்சைத் தோல் அணிகள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளக் கூடும் என்ற விதி நடுவர் ஆட்டத்தில் பெரிய கொண்டாட்டம். பெரிய அரக்கனான ட்ரோலுக்கு மந்தபுத்தி, போரின் நடுவே எதற்கு வந்தோம் என்பதை மறந்து நின்றுவிடும். கோப்ளின்களுக்குக் கூர்காது இனத்தவரான எல்ஃப்களைக் கண்டால் அச்சம். குள்ளர்களுக்கு இந்தக் கூட்டத்தின் மேல் தீராத வெறுப்பு. இவை எல்லாம் விதிகளிலேயே இருக்கின்றன.

எண்ணிக்கையை இப்படி வகுத்துக்கொள்ளலாம். தாக்கும் தரப்பில் ஓர்க் காலாட்கள் 20, கோப்ளின் வில்லாளிகள் 20, ஓநாய் மேல் வரும் கோப்ளின்கள் 5, ட்ரோல் 1, தலைவன் ஒருவன், மந்திரவாதி ஒருவன். காக்கும் தரப்பில் ஈட்டி ஏந்திய ஊர்க் காவலர் 20, குள்ளர் குறுக்குவில்லாளிகள் 10, குதிரை வீரர் 5, தலைவனும் மந்திரவாதியுமாக இருவர். மொத்தம் 85. ஓர் உருவத்துக்குச் சராசரியாக ஒன்றரை மணி நேரம் என்றால் ஏறத்தாழ 128 மணி நேரம். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் கிடைத்தால் ஆறு மாதம். இதைவிடப் பெரிதாகத் திட்டமிட்டவர்கள் பெரும்பாலும் வண்ணம் தீட்டாத சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குவியலோடு நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு மாதங்களில் இரு தரப்பிலும் ஓர் அணியையும் ஒரு தலைவனையும் முடித்து, அவற்றை வைத்தே ஒரு சிறு மோதலை ஆடிப் பாருங்கள். ஒரே ஒரு மடை, ஒரே ஒரு கோப்ளின் கூட்டம். மிச்சத்தை அதன் பிறகு வாங்குங்கள்.

உருவங்களின் அடியில் ஒட்டும் சதுரப் பீடங்களின் அளவை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும், ஏனெனில் தீட்டிய பிறகு பீடம் மாற்றுவது பெரும் எரிச்சல். பழைய ஆட்டத்தில் மனிதர், குள்ளர், கோப்ளின்களுக்கு 20 மில்லிமீட்டர் சதுரம், ஓர்க்குகளுக்கு 25, குதிரை வீரருக்கு 25க்கு 50, ட்ரோல் அளவுள்ளவற்றுக்கு 40. தி ஓல்ட் வேர்ல்டில் மனிதருக்கு 25, ஓர்க்குக்கு 30, குதிரைக்கு 30க்கு 60 என்று பெரிதாக்கிவிட்டார்கள். பழைய உருவங்கள் ஒடுங்கி நிற்பவை, 20இல் அடங்கும். இன்றைய பிளாஸ்டிக் உருவங்கள் காலையும் கையையும் அகட்டி நிற்பவை, 20இல் வரிசை சேராது. நான் சொல்லும் வழி, பழைய அளவிலேயே ஒட்டிவிட்டு, ஓர் அணியை மொத்தமாக நகர்த்தும் தட்டில் உருவங்களுக்கு இடையே ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி விடுவது. ஐந்து பேர் அகலமுள்ள ஓர்க் அணி 25 அளவில் 125 மில்லிமீட்டர், 30 அளவில் 150; தட்டை மாற்றினால் இரண்டு ஆட்டத்துக்கும் ஆகும். பீடங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. கேடயமும் பெயர்ப் பலகையும் செய்யும் லேசர் வெட்டுக் கடைகளில் இரண்டு மில்லிமீட்டர் எம்.டி.எஃப் பலகையில் வெட்டித் தரச் சொல்லலாம்.

அசல் காரீய உருவங்களை ஏலத்தில் வாங்குவது குறித்து, உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். 1980களின் நடுவிலிருந்து சிட்டாடெல் உருவங்களின் காலடியில் பீடத்தின் பள்ளத்துக்குள் செருகும் தட்டையான உலோகப் பட்டை வந்தது. அதற்கு முந்தியவை பெரும்பாலும் உருவத்தோடு சேர்ந்தே வார்க்கப்பட்ட சிறு பீடத்தில் நிற்பவை. பட்டையில் நிறுவனப் பெயரும் ஆண்டும் இருக்கும். அந்த ஆண்டு சிற்பத்தின் உரிமை ஆண்டு; அந்தக் குறிப்பிட்ட உருவம் எப்போது வார்க்கப்பட்டது என்பதை அது காட்டாது. விற்பவர் அதைக் காட்டி வயதைச் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. நிழற்படத்தை மட்டும் பார்த்து அசலா திருட்டு வார்ப்பா என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. விவரங்கள் மழுங்கியிருப்பது, உருவம் சற்றே சுருங்கியிருப்பது, பட்டை எழுத்து கரைந்திருப்பது ஆகியவை சந்தேகத்துக்கு இடம் தரும், அவ்வளவுதான். விலை என்பதும் ஆசையைப் பொறுத்தது. ஏலத்தில் உருவத்தின் விலையை மட்டும் பார்க்காமல் அஞ்சல் கட்டணம், சுங்க வரி, கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிய பிறகே ஒப்பிடுங்கள். மாதம் மூவாயிரத்தில் முழு அணியை அசலாகச் சேர்ப்பது கட்டுப்படியாகாது. தலைவர்கள், மந்திரவாதிகள், ட்ரோல் ஆகிய ஐந்தை மட்டும் அசலாக வாங்குங்கள். பார்ப்பவர் கண் முதலில் போவது அவற்றின் மேல்தான்.

காரீயம் பற்றி ஐயமே இல்லாத சில செய்திகள் உண்டு. நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பழைய உருவங்களில் இருப்பது காரீயமும் வெள்ளீயமும் கலந்த உலோகம், காரீயம் நஞ்சு. 1990களில் அமெரிக்காவில் எழுந்த சட்ட நெருக்கடிகளை ஒட்டி உற்பத்தியாளர்கள் காரீயமற்ற கலவைக்கு மாறினார்கள். பழையவற்றை அரம் போடும்போது நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும், தூசியை ஈரத்துணியால் துடைத்து அகற்ற வேண்டும், கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. தூரிகை முனையைக் கூராக்க நாக்கில் வைக்கும் பழக்கம் ஓவியர் பலருக்கு உண்டு. அதை இன்றே விட்டுவிடுங்கள். இன்னொன்று, காரீயத்தில் வெள்ளைப் பொடியாகப் பூக்கும் அரிப்பு. மரப்பலகை, பிளைவுட், அட்டைப்பெட்டி ஆகியவற்றிலிருந்து கசியும் அமில ஆவியும் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. நம் ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிய மர அலமாரிக்குள் வண்ணம் பூசாத காரீய உருவங்களை வைப்பது அதை வரவேற்பதற்குச் சமம். பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, வந்தவுடன் சோப்புநீரில் கழுவி முதல்பூச்சு கொடுத்துவிடுங்கள். பழைய வண்ணத்தை உரிக்க பிரிட்டன்காரர்கள் பலகாலமாகப் பயன்படுத்துவது நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் டெட்டால்தான். ஓரிரவு ஊறப் போட்டு, டெட்டாலிலேயே நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். வண்ணம் முழுதும் போவதற்குள் தண்ணீர் பட்டால் பசையாக ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

மீதமுள்ள எண்பது உருவங்களுக்கு, ஆஸ்ப்ரேயின் ஓத்மார்க் ஆட்டத்துக்காக நார்த் ஸ்டார் நிறுவனம் தயாரிக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள் சிக்கனமானவை; ஒரு பெட்டியில் 30 உருவங்கள், கோப்ளின்களும் குள்ளர்களும் மனிதரும் தனித்தனியாகக் கிடைக்கிறார்கள். பழைய சிட்டாடெல் சிற்பிகளான பெர்ரி சகோதரர்கள் இப்போது சொந்தமாக நடத்தும் நிறுவனத்தின் ரோஜாப் போர்க் காலாட்கள் பெட்டியில் 40 பேர். ஊர்க் காவலருக்கு அச்சு அசலாகப் பொருந்துவார்கள். முப்பரிமாண அச்சில் பழைய பாணிச் சிற்பங்களின் கோப்புகளை இன்று பலர் உரிமையோடு விற்கிறார்கள். அவற்றை வாங்கி, நகரத்தில் ஒளியில் இறுகும் பிசினான ரெசினில் அச்சு எடுத்துத் தருபவரிடம் கொடுக்கலாம். பழைய அசல்களை ஸ்கேன் செய்த கோப்புகளைத் தொடாதீர்கள், அது திருட்டு. ரெசினில் ஈட்டிகளும் வாள்களும் எளிதில் முறியும். கம்பியால் மாற்றி வைப்பது நல்லது. நன்கு கழுவி, புற ஊதா ஒளியில் முழுமையாக இறுக்கப்பட்டதா என்று கேட்டே வாங்குங்கள். இறுகாத ரெசின் தோலுக்குக் கேடு. அளவிலும் கவனம் வேண்டும். அன்றைய உருவங்கள் 25 மில்லிமீட்டர் உயரக் கணக்கு, இன்றையவை 28 முதல் 32 வரை. அச்சு எடுப்பவரிடம் ஒரே ஒரு உருவத்தை முதலில் எடுக்கச் சொல்லி, உங்கள் அசலோடு பக்கத்தில் நிறுத்திப் பார்த்த பிறகு அச்சளவின் சதவீதத்தை முடிவு செய்யுங்கள்.

வண்ணத்தில்தான் பழைய பாணி நிலைக்கிறது அல்லது கெடுகிறது. ஒரு பொதுவான குழப்பத்தை முதலில் நீக்குகிறேன். பளிச்சென்ற பச்சைப் பீடம், சிவப்பு ஆயுதப் பிடி, மஞ்சள் கொடி என்று இணையத்தில் பழைய பாணி எனக் காட்டப்படுவது பெரும்பாலும் 1990களின் முற்பகுதி. 1980களில் மண் நிறங்கள் அதிகம். தோலில் மை வழிந்து நிழலாகும். பீடத்தில் மணலும் பழுப்பும் கலந்திருக்கும். கேடயங்களில் கையால் வரைந்த பல்லிளிக்கும் முகங்கள் இருக்கும். ஓர் அணிக்குள் ஒரே சீருடை இருக்காது, கேடயச் சின்னமோ தலைக்கவச நிறமோ மட்டுமே அவர்களை ஒன்றாக்கும். எந்த ஆண்டுகளைப் பின்பற்றுவது என்பதை முடிவு செய்து, அந்தக் காலத்து ஒயிட் டுவார்ஃப் இதழ்ப் படங்கள் நான்கைந்தை மேசை மேல் ஒட்டி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். நடுவில் புதிய படங்களைப் பார்க்காதீர்கள்.

உங்கள் திருநகருக்குப் பக்கத்திலேயே விளாச்சேரி இருக்கிறது. நவராத்திரிக்கு முந்திய மாதங்களில் போய், கொலு பொம்மைக்காரர்கள் வேலை செய்வதை ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். வரிசையாக அடுக்கிய பொம்மைகள் அத்தனைக்கும் ஒரே நிறத்தைப் பூசி முடித்த பிறகே அடுத்த நிறத்தைத் திறப்பார்கள். காலாட்படை தீட்டவும் அதுதான் வழி. ஒரு வேறுபாடு மட்டும். அவர்கள் கண்ணைக் கடைசியில் திறப்பார்கள். இந்த அளவு உருவத்தில் கண்ணை முதலில் வைத்துவிட்டு, பிசகினால் சுற்றியுள்ள தோல் நிறத்தால் திருத்துவது எளிது.

நம் ஊர் வெயிலுக்குச் சில மாற்றங்கள் தேவை. சித்திரை, வைகாசி நண்பகலில் தெளிப்பு டப்பாவால் முதல்பூச்சு கொடுத்தால், துளிகள் உருவத்தைத் தொடும் முன்பே காய்ந்து சொரசொரப்பாகும். அடைமழை நாளில் மங்கல் வார்னிஷ் தெளித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். காலை எட்டு, ஒன்பது மணி வாக்கில் காற்று உலர்ந்திருக்கும் நாளாகப் பார்த்துத் தெளியுங்கள், அல்லது தூரிகையால் பூசும் முதல்பூச்சுக்கு மாறிவிடுங்கள். அக்ரிலிக் தட்டிலேயே உலர்வதைத் தடுக்க, மூடியுள்ள டப்பாவில் ஈரப் பஞ்சு, அதன்மேல் வெண்ணெய்த்தாள் விரித்து அதில் வண்ணம் கலக்கலாம். ஃபெவிக்ரில், கேம்லின் வண்ணங்கள் பீடத்துக்கும் நிலத்துக்கும் தாராளமாகப் போதும். முகத்துக்கும் கேடயத்துக்கும் மட்டும் நிறமி நுண்ணிதான இறக்குமதி வண்ணம் ஏழெட்டு நிறங்கள் வாங்குங்கள். தீட்டிய படையை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடாதீர்கள், பிளாஸ்டிக்கும் ரெசினும் வளைந்துவிடும்.

கருவிகளுக்கு இணையத்தில் பொழுதுபோக்குக் கடை தேட வேண்டாம். தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் பொற்கொல்லர் கருவிகள் விற்கும் கடைகளில் ஊசி அரம், சாமணம், கையால் திருகும் நுண் துளைப்பான், மெல்லிய பித்தளைக் கம்பி எல்லாம் நல்ல தரத்தில் கிடைக்கும். உலோகக் கையை ஃபெவிக்விக்கால் மட்டும் ஒட்டினால் ஒரு தட்டில் உதிரும். உள்ளே கம்பி செருகி ஒட்டுங்கள். ஒட்டியவுடன் டப்பாவை மூடினால் அதன் ஆவி வெண்படலமாகப் படியும். கண்மாய்க் கரைக்குத் தெர்மாகோல், மேலே நீர் கலந்த ஃபெவிகாலும் சலித்த மணலும். நீர்ப்பரப்புக்கு நீலப்பச்சை பூசிய பலகை மேல் இரண்டு கை பளபளப்பு வார்னிஷ். மேசைக்கு ஆறடிக்கு நான்கடி என்பது வழக்கம். நான்கடிக்கு மூன்றடியாக இரண்டு பிளைவுட் பலகைகள் செய்துகொண்டால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

மகளைப் பற்றிக் கேட்டதற்கு உறுதியாகச் சொல்ல முடியும்: காரீய உருவங்களை அவள் கையில் கொடுக்கவே கூடாது, தீட்டி வார்னிஷ் பூசியவையாக இருந்தாலும். இறுகிய ரெசினும் முறிந்த முனையில் குத்தும். பிளாஸ்டிக் கோப்ளின்கள் இருபதும் அவளுடையதாக இருக்கட்டும். நீங்கள் வெட்டி ஒட்டி முதல்பூச்சு கொடுத்த பிறகு அவள் விரும்பிய நிறத்தைப் பூசலாம். ஊதா மூக்கும் மஞ்சள் காதும் கொண்ட கோப்ளின்கள் 1980களின் கூட்டத்தில் துருத்திக்கொண்டு நிற்காது. பள்ளியில் கொடுக்கும் போஸ்டர் வண்ணம் வேண்டாம், வியர்வைக் கை பட்டாலே கரையும்; அக்ரிலிக்கும், முனை கூரான செயற்கை இழைத் தூரிகை இரண்டும் வாங்கிக் கொடுங்கள். தலைவனுக்கும் மந்திரவாதிக்கும் பெயர் வைக்கும் வேலையையும் அவளிடமே விடலாம். முதல் ஆட்டத்தில் கோப்ளின் தரப்பை அவள் நடத்தட்டும், டிராகன் ரேம்பன்ட் விதிகள் அந்த வயதுக்கு எட்டக்கூடியவைதான். மூன்றாம் பதிப்பை அவள் பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிறகு எடுத்தால் போதும்.